ரோத்கோவின் அறைகள்

1961இல் லண்டன் வைட்சாப்பல் கலைக்கூடத்தில் மார்க் ரோத்கோவின் ஓவியக் காட்சி நடந்தபோது, படங்களோடு ஓவியரின் குறிப்பும் போய்ச் சேர்ந்தது. சுவர் தூய வெள்ளையாக இருக்கக் கூடாது; கொஞ்சம் பழுப்புச் சேர்த்து, சிவப்பால் சற்றே கதகதப்பூட்டிய மங்கல் வெள்ளை வேண்டும். விளக்கு தூக்கலாக எரியக் கூடாது. பெரிய படங்களைத் தரையை ஒட்டியே மாட்ட வேண்டும், முடிந்தால் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல். சுவர், வெளிச்சம், உயரம், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் என்பதுதான் அந்தக் குறிப்பு. புது வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடமும் வயரிங் செய்பவரிடமும் நின்று சொல்வதுபோல் இருக்கிறது அது.

ரோத்கோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றி எழுதுகிறார்கள். அடுத்தபடியாக அவருடைய துயர முடிவைப் பற்றி. இரண்டும் முக்கியம்தான். ஆனால் 1958இலிருந்து அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அவரை ஆட்டிப்படைத்த கேள்வி வேறு: ஓவியம் தொங்கும் அறை யாருடையது? கட்டியவருடையதா, வரைந்தவருடையதா? இந்தக் கேள்வியோடு மூன்று பெரிய பணிகளை அவர் ஏற்றார். மூன்றிலும் இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஒன்றை அவரே முறித்துக்கொண்டார். ஒன்று வெயிலில் வெளிறிப்போனது. ஒன்று இன்றும் நிற்கிறது, ஆனால் ஓயாத பழுதுபார்ப்போடு. ஓவியத்துக்கும் கட்டடக்கலைக்கும் உள்ள உறவைப் பற்றி நான் படித்த எந்தக் கொள்கை நூலையும்விட இந்த மூன்று அறைகள் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன.

மார்கஸ் ரோத்கோவிட்ஸ் 1903இல் அன்றைய ரஷ்யப் பேரரசின் துவின்ஸ்க் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் லாட்வியாவில் இருக்கிறது, பெயர் டௌகாவ்பில்ஸ். தந்தை மருந்தாளுநர். 1913இல் பத்து வயதுச் சிறுவனாக அமெரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள போர்ட்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களில் தந்தை காலமானார். படிப்பில் கெட்டிக்காரர். உதவித்தொகையோடு 1921இல் யேல் பல்கலைக்கழகம் போய், இரண்டு ஆண்டுகளில் பட்டம் வாங்காமலே வெளியேறி நியூயார்க் வந்தார். ஓவியம் அதற்குப் பிறகுதான். 1929இலிருந்து 1952 வரை புரூக்ளினில் ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார். இன்று ஏலத்தில் கோடிக்கணக்கில் போகும் அரூப ஓவியங்களில் சில, வாரத்தில் சில நாள் பள்ளி வகுப்பெடுத்துப் பிழைத்த மனிதர் வரைந்தவை.

1930களில் அவர் மனிதர்களைத்தான் வரைந்தார். அந்தக் காலத்துப் படங்களில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களைக் காட்டும் படங்களை நான் தனியாக எடுத்துவைப்பேன். 1938ஐச் சேர்ந்த ஒன்று நிலைய நுழைவாயிலைக் காட்டுகிறது. இந்த வரிசைப் படங்களில் ஆட்கள் ஒல்லியாக, முகம் தெளியாமல், தூண்களுக்கு இடையே ஒண்டி நிற்கிறார்கள். சிலர் தூணாகவே ஆகிவிட்டார்கள். மேடை, கம்பித் தடுப்பு, சுவர் எல்லாம் தட்டையான நிறப் பட்டைகளாகக் கிடக்கின்றன. நம் பார்வை ஆட்களிடம் நிற்பதில்லை, அவர்களை நெருக்கும் சுவருக்கே போகிறது. பத்தாண்டு கழித்து அவர் எட்டிய இடத்துக்கு விதை இங்கே இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்தச் சுரங்கத்திலிருந்து மனிதர்களை வெளியே அனுப்பிவிட்டு, சுவரையும் இருட்டையும் மட்டும் மிச்சம் வைத்தால் ஏறக்குறைய பிற்கால ரோத்கோ கிடைத்துவிடுகிறார்.

அந்த இடத்துக்கு அவர் நேர்வழியில் போகவில்லை. 1940களில் கிரேக்கத் தொன்மங்கள், சர்ரியலிசம், நீருக்கடியில் மிதப்பன போன்ற உயிர் வடிவங்கள் என்று அலைந்தார். பெயரைச் சுருக்கி மார்க் ரோத்கோ ஆனதும் இந்தக் காலத்தில்தான். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் மத்தீஸின் 'சிவப்புப் பணிக்கூடம்' ஓவியத்தை வாங்கியது. ரோத்கோ திரும்பத் திரும்பப் போய் அதன் முன் நின்றார். 1911இல் வரையப்பட்ட அந்தப் படம் ஓர் அறையின் உள்பக்கத்தைக் காட்டுகிறது. தரையும் சுவரும் மேசையும் ஒரே சிவப்பில் கரைந்துவிட்டன. அடுத்த ஓராண்டுக்குள் ரோத்கோவின் படங்களில் சிதறிக் கிடந்த நிறத் திட்டுகள் ஒன்றுகூடி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று செவ்வகங்களாக அடங்கின. உலகம் அவரை அடையாளம் காண்பது அந்தச் செவ்வகங்களால்தான். விளிம்பு பிசிறடித்து, பின்னணியிலிருந்து சற்றே விலகி, மூச்சுவிடுவதுபோல் நிற்கும் செவ்வகங்கள். அவற்றைக் கதவு, ஜன்னல் என்று பார்க்கத் தூண்டும் ஆசை யாருக்கும் வரும். ரோத்கோ அந்த ஆசையை ஒருபோதும் வெளிப்படையாக ஊக்குவிக்கவில்லை; ஆனால் பின்னால் அவரே அந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வந்து சேர்ந்தார்.

1950இல் முதல் ஐரோப்பியப் பயணம். ஃபிளாரன்ஸில் சான் மார்க்கோ மடத்தைப் பார்த்தார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஃப்ரா ஆஞ்செலிக்கோ தம் உதவியாளர்களோடு அங்கே துறவியரின் அறைகளில் ஓவியம் தீட்டியிருக்கிறார். அறை சின்னது. ஒரு சின்ன ஜன்னல். சுவரில் ஒரே ஓர் ஓவியம், ஈரச் சுண்ணத்திலேயே தீட்டியது. அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்ட முடியாது. துறவி தூங்குவதும் விழிப்பதும் ஜெபிப்பதும் அதன் முன்னால். அந்த ஓவியத்துக்கு அந்த அறைதான் உலகம், அந்த அறைக்கு அந்த ஓவியம்தான் வாசல். ரோத்கோ பிற்பாடும் அங்கே போனார். கித்தானில் வரைந்து, விற்று, யார் வீட்டுச் சோபாவுக்கு மேலே போய்த் தொங்கப்போகிறதோ என்று தெரியாமல் அனுப்பிவைக்கும் நவீன ஓவியருக்கு அந்த மடம் என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஊர் திரும்பியபின் அவர் பேச்சிலும் கடிதங்களிலும் அறை வந்துகொண்டே இருக்கிறது. கட்டடக்கலையையும் ஓவியத்தையும் சிற்பத்தையும் எப்படி ஒன்று சேர்ப்பது என்று 1951இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அங்கே பேசிய ரோத்கோ, தாம் பெரிய படங்கள் வரைவது பிரம்மாண்டத்துக்காக அல்ல, நெருக்கத்துக்காக என்றார். சின்னப் படத்தை நாம் வெளியில் நின்று பார்க்கிறோம். பெரிய படத்துக்குள் நாமே இருக்கிறோம் என்பது அவர் வாதம். 1954இல் சிகாகோ கலைக்கழகத்தில் தம் காட்சியை ஏற்பாடு செய்த கேத்தரின் கூவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் கடுமையான நிலைப்பாடு எடுக்கிறார்: படங்களை நெருக்கமாக, தாழ்வாக மாட்டி அறையை நிறைத்துவிட வேண்டும், சுவர் தோற்றுப்போக வேண்டும். சுவரை அலங்கரிப்பது என்ற பேச்சே அங்கு இல்லை. இதை அகங்காரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நவீனக் கட்டடக்கலை அப்போது வெற்றி முரசு கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியும் உருக்கும் கொண்டு எழுந்த கட்டடங்களில் ஓவியத்துக்கு மிஞ்சியது வரவேற்பறை மூலை மட்டுமே. சுவர் தோற்க வேண்டும் என்று அவர் சொன்னது, தோற்கிற நிலையில் இருந்தவரின் குரல்.

1960இல் வாஷிங்டனில் டங்கன் பிலிப்ஸ் தம் கலைக்கூடத்தில் ரோத்கோவுக்கென்றே ஒரு சிறிய அறையை ஒதுக்கினார். முதலில் மூன்று படங்கள், பிறகு நான்காயின. மறு ஆண்டு ரோத்கோ நேரில் போய்ப் பார்த்து, சில மாற்றங்கள் சொன்னார். உட்கார ஒரு பெஞ்சு போதும் என்றார். அந்த அறை இன்றும் இருக்கிறது. அவர் விரும்பியபடி, சச்சரவில்லாமல் அமைந்த இடம் என்றால் இதுதான். ஆனால் அது கலைக்கூடத்தின் புது இணைப்புக் கட்டடத்தில் அமைந்த ஒரு சிறு அறை. யாரும் அவருக்காகக் கட்டியதல்ல.

இதற்கிடையே 1958 கோடையில் பெரிய அழைப்பு வந்திருந்தது. நியூயார்க் பார்க் அவென்யூவில் மீஸ் வான் டெர் ரோ, பிலிப் ஜான்சனோடு சேர்ந்து எழுப்பிய சீகிராம் கட்டடம் அப்போதுதான் முடிந்திருந்தது. 38 மாடி, வெண்கலமும் கருங்கண்ணாடியும் போர்த்திய கோபுரம். அதன் கீழ்த்தளத்தில் ஜான்சன் வடிவமைத்த ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்கு ஓவியங்கள் தர ரோத்கோ ஒப்புக்கொண்டார். 500 முதல் 600 சதுர அடி ஓவியம், 35,000 டாலர். அன்றைக்கு எந்த அரூப ஓவியருக்கும் எளிதில் கிடைக்காத தொகை.

பவரி தெருவில் ஒரு பழைய உடற்பயிற்சிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார். உணவக அறையின் அளவுக்கே அங்கே சாரம் கட்டி, அதன்மேல் கித்தான்களை மாட்டி வேலை செய்தார். உதவிக்கு டான் ரைஸ். மூன்று வரிசைகளாக ஏறக்குறைய முப்பது படங்கள். இவற்றில் அவருடைய ஓவியம் உருமாறியது. படங்கள் நெட்டையிலிருந்து குட்டையாகி அகலமாயின. மஞ்சளும் ஆரஞ்சும் போய் அரக்குச் சிவப்பும் கருமையும் வந்தன. திண்ணென்று நின்ற செவ்வகத்தின் நடுப்பகுதி காலியாகி, சட்டம் மட்டும் மிஞ்சியது. தூண்கள், நிலைகள், அடைத்த வாசல்கள்.

1959 கோடையில் குடும்பத்தோடு இத்தாலி போகும் வழியில், கப்பலில் ஹார்ப்பர்ஸ் இதழின் ஆசிரியர் ஜான் ஃபிஷரைச் சந்தித்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, ரோத்கோ இறந்தபின், ஃபிஷர் அந்த உரையாடல்களை எழுதினார். அதன்படி, அந்த உணவகத்தில் சாப்பிடும் பணக்காரர்களின் பசியைக் கெடுக்கவே தாம் அந்த வேலையை ஏற்றதாக ரோத்கோ சொன்னாராம். இந்தக் கூற்றுத்தான் மிகப் பிரபலம், நாடகங்களில்கூட வந்துவிட்டது. எனக்கு அதே உரையாடலில் வரும் இன்னொன்று பெரிதாகப் படுகிறது. கொஞ்சக் காலம் வரைந்தபிறகுதான் தம்மை உள்ளூர ஆட்டுவித்தது ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ கட்டிய லாரென்சியன் நூலகத்தின் முன்கூடம் என்று தமக்குத் தெரிந்தது என்கிறார் ரோத்கோ.

அந்த முன்கூடம் வினோதமானது. தரைப்பரப்பு குறைவு, உயரம் அதிகம். கிணற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கும். தூண்கள் பாரம் தாங்க வெளியே நிற்காமல் சுவருக்குள் புதைந்திருக்கின்றன. சுற்றிலும் ஜன்னல் சட்டங்கள், ஆனால் ஜன்னல் இல்லை. எல்லாம் அடைத்த கல். வெளியே பார்க்கலாம் என்று ஆசைகாட்டி, பார்க்க விடாத சுவர். ரோத்கோ உணவகத்துக்கு வரைந்தது அதே அடைத்த ஜன்னல்களைத்தான். இங்கே ஒரு முக்கியமான விஷயம் நடக்கிறது. ஓவியர் ஒரு நவீனக் கட்டடத்தோடு சண்டை போடப் போகிறார். ஆயுதம் எடுக்கும் இடமோ இன்னொரு கட்டடம். மீஸின் கண்ணாடிக்கு எதிராக மைக்கலாஞ்சலோவின் கல். அதே பயணத்தில் பெஸ்டம் ஊரின் கிரேக்கக் கோயில் இடிபாடுகளைப் பார்த்தபோது, தம்மை அறியாமலே வாழ்நாள் முழுதும் அந்தக் கோயில்களைத்தான் வரைந்துவந்திருப்பதாக அவர் சொன்னதையும் ஃபிஷர் பதிவு செய்கிறார்.

ஊர் திரும்பியவர் மனைவியோடு அந்த உணவகத்தில் ஒருமுறை சாப்பிட்டார். வீடு வந்ததும் ஒப்பந்தத்தை முறித்தார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். காரணம் பணக்காரர்மீது கொண்ட வெறுப்பு என்றே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதுவும் இருக்கலாம். ஆனால் அந்த அறையில் படங்கள் மேசையில் இருப்பவர்களின் தலைக்கு மேலே தொங்கவேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. தரையிலிருந்து ஆறு அங்குலம் என்று கேட்டவர் அவர். பார்ப்பவரின் உடம்பும் படமும் ஒரே தரையில் நிற்க வேண்டும் என்பதே அவருடைய கட்டடக்கலை. அங்கே அதற்கு இடமில்லை.

அந்தப் படங்களில் ஒன்பதை 1969இல் லண்டன் டேட் கலைக்கூடத்துக்குக் கொடையாகத் தந்தார். டேட்டின் இயக்குநர் நார்மன் ரீட் அறையின் அட்டை மாதிரியைச் செய்து நியூயார்க்குக்கு அனுப்பிவைக்க, ரோத்கோ அதற்குள் படங்களின் சின்ன நகல்களை வைத்து, எது எங்கே என்று தீர்மானித்தார். படங்கள் லண்டன் வந்து சேர்ந்தது 1970 பிப்ரவரி 25. அன்று காலைதான் நியூயார்க்கில் தம் பணிக்கூடத்தில் ரோத்கோ உயிரை மாய்த்துக்கொண்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

இரண்டாவது அறை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். அங்கே கட்டடக்கலைப் புலத்தின் தலைவராக இருந்த ஹோசே லூயி செர்ட் வடிவமைத்த ஹோலியோக் மையத்தின் உச்சித்தளத்தில் ஓர் உணவுக்கூடம். ரோத்கோ வரைந்தவற்றில் ஐந்து பெரிய கித்தான்களை 1964 தொடக்கத்தில் மாட்டியாயிற்று. மறுபடியும் சாப்பாட்டு அறைதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது கல்விக்கூடம், அதனால் சம்மதித்திருப்பார்.

அந்த அறைக்குப் பெரிய ஜன்னல்கள். வெளியே நகரமும் ஆறும் தெரியும் அழகான காட்சி. திரைச்சீலைகளை இழுத்து மூடி வைக்க வேண்டும் என்று ரோத்கோ கேட்டிருந்தார். உச்சிமாடியில் சாப்பிட வருபவர் திரையை மூடி வைப்பாரா? திறந்தே கிடந்தது. படங்களின் அடிப்படையான கருஞ்சிவப்புக்கு ரோத்கோ பயன்படுத்திய நிறமி லித்தால் சிவப்பு. அச்சு மையில் அதிகம் பயன்பட்ட மலிவான நிறமி. வெயில் பட்டால் வெளிறும். சில ஆண்டுகளில் கருஞ்சிவப்பு நீலம் பாய்ந்த சாம்பலாயிற்று. அதுவும் ஒரே சீராக இல்லை. எந்தப் படத்தின் எந்தப் பகுதி ஜன்னலுக்கு நேரே இருந்ததோ அந்தப் பகுதி அதிகம் வெளிறியது. விருந்துகளில் உணவு தெறித்தது, நாற்காலிகள் இடித்தன. 1979இல் எல்லாவற்றையும் இறக்கிக் கிடங்கில் இருட்டில் வைத்துவிட்டார்கள்.

கட்டடக் கலைஞரைக் குறை சொல்வது எளிது. ஓவியர்மீதும் தவறு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். தாம் விரும்பிய சிவப்பு அந்த நிறமியில் கிடைத்தது. அது எத்தனை நாள் நிற்கும் என்று அவர் கேட்கவில்லை. விலங்குப் பசையும் முட்டையும் கலந்து, மேலே வார்னிஷ் பூசாமல், மெல்லிய படலங்களாகத் தீட்டுவது அவர் வழக்கம். அந்த மென்மைதான் நிறத்துக்குள் வெளிச்சம் புகுந்து திரும்பும் அந்த அற்புதத்தைத் தருகிறது. அதே மென்மைதான் படத்தைப் பாதுகாப்பற்றதாகவும் ஆக்குகிறது. வழக்கமான முறையில் மேலே நிறம் பூசிச் சரிசெய்தால் அந்தப் படலம் அழிந்துவிடும்.

எனவே 2014இல் ஹார்வர்டு அருங்காட்சியக நிபுணர்கள் வேறு வழி கண்டார்கள். 1960களில் எடுத்த வண்ணப் புகைப்படங்களே வெளிறியிருந்தன. அவற்றின் நிறத்தை முதலில் கணினியில் மீட்டார்கள். ரோத்கோ வரைந்து, மாட்டாமல் விட்டிருந்த ஆறாவது படம் வெயில் படாமல் குடும்பத்தாரிடம் இருந்தது. அது ஒப்பிட உதவியது. பிறகு, இன்றைய வெளிறிய படத்துக்கும் அன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த வேறுபாட்டை மட்டும் ஒளிக்கருவியால் படத்தின்மேல் வீழ்த்தினார்கள். கித்தானைத் தொடவே இல்லை. இழந்த சிவப்பு வெளிச்சமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. தினமும் மாலை நான்கு மணிக்குக் கருவியை அணைப்பார்கள். பார்வையாளர் கண்ணெதிரே அரக்குச் சிவப்பு வடிந்து சாம்பலாகும். படத்தைக் கெடுத்ததும் வெளிச்சம், தற்காலிகமாக மீட்டதும் வெளிச்சம். அந்தக் காட்சி முடிந்ததும் படங்கள் மறுபடி கிடங்குக்குப் போயின.

மூன்றாவது அறைதான் அவருடைய வாழ்வின் உச்சம். 1964இல் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜான், டொமினிக் டி மெனில் தம்பதி, ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்காகத் தாங்கள் கட்டவிருந்த சிற்றாலயத்துக்கு ஓவியம் கேட்டு வந்தார்கள். நவீனக் கலைஞர்களைத் தேவாலயத்துக்குள் அழைத்துவர வேண்டும் என்று பாடுபட்ட பிரெஞ்சுத் துறவி கூட்டூரியேயோடு பழகியவர்கள் இவர்கள். மத்தீஸ் வான்ஸ் ஊரில் ஆலயம் அமைத்ததில் அந்தத் துறவியின் பங்கு பெரியது. ரோத்கோவுக்கு அவர்கள் தந்தது வேறு எந்தப் புரவலரும் தராதது: கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை. கட்டடக் கலைஞர் யார் என்றால், மறுபடியும் பிலிப் ஜான்சன்.

எண்கோண அறை வேண்டும் என்றார் ரோத்கோ, ஜான்சன் ஒப்புக்கொண்டார். வெனிஸை அடுத்த டொர்செல்லோ தீவின் பழைய தேவாலயத்தை நினைத்து ரோத்கோ பேசியதுண்டு. அங்கே நுழைவாயிலுக்கு மேலே இறுதித் தீர்ப்பைக் காட்டும் மொசைக். எதிரே பீடத்தின்மேல் பொன்னொளியில் மாதா. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் இரு பக்கமும் இழுக்கப்படுகிறார். அந்த இழுபறியை உருவமே இல்லாமல் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். பதினான்கு கித்தான்கள், பெரியவை ஏறக்குறைய 15 அடி உயரம். வடக்கே பீடச் சுவரில் மூன்று கித்தான்கள் சேர்ந்த ஒரு தொகுதி, கிழக்கிலும் மேற்கிலும் அதேபோல் ஒவ்வொன்று, நான்கு சாய்ந்த சுவர்களில் நான்கு தனிப் படங்கள், வாசல் பக்கம் ஒன்று. பீடத் தொகுதியும் சாய்சுவர்ப் படங்களும் ஆக ஏழு, நாவற்பழ நிறத்தில் வடிவமே இல்லாமல் நிற்கின்றன. மற்ற ஏழில் கூரான விளிம்போடு கருஞ்செவ்வகம். அதாவது பீடத்தை நோக்கி நிற்பவருக்கு முன்னால் வடிவம் கரைகிறது. திரும்பி வாசலைப் பார்த்தால் கருமை கெட்டியாக நிற்கிறது. கிழக்கு, மேற்குத் தொகுதிகளில் நடுக் கித்தானை மட்டும் சற்று உயர்த்தி வைத்திருக்கிறார். இது படம் வரைபவரின் யோசனையல்ல, தளம் போடுபவரின் யோசனை.

வேலை நடந்தது நியூயார்க் 69ஆம் தெருவில், முன்பு குதிரை வண்டிகள் நிறுத்திய ஒரு கூடத்தில். எண்கோணத்தின் மூன்று சுவர்களை முழு அளவில் அங்கேயே எழுப்பிவிட்டார். கித்தான்களை ஏற்றி இறக்கக் கப்பி, கயிறு. கூரையில் கண்ணாடித் திறப்பு. வெளிச்சம் அதிகமானால் குறைக்க அதன்கீழ் ஒரு பாராசூட்டை விரித்துத் தொங்கவிட்டிருந்தார். உடல்நிலை தளர்ந்துகொண்டிருந்ததால், பெரிய பரப்புகளில் நிறம் ஏற்றியது உதவியாளர்கள். அவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். கருஞ்செவ்வகத்தைச் சுற்றி வரும் அரக்கு ஓரம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தார். அந்த ஓரம் குறுகினால் செவ்வகம் சுவராகிறது, அகன்றால் பள்ளமாகிறது. 1967இல் படங்கள் முடிந்தன.

கட்டடம்தான் முடியவில்லை. அறைக்கு மேலே உயரமான, முனை வெட்டிய பிரமிடு ஒன்றை எழுப்ப ஜான்சன் விரும்பினார். ரோத்கோ முடியவே முடியாது என்றார். தம் பணிக்கூடத்தில் உள்ளதுபோன்ற சாதாரணக் கூரைத் திறப்பே போதும் என்பது அவர் பிடிவாதம். டி மெனில் தம்பதி ஓவியர் பக்கம் நின்றார்கள். 1967இல் ஜான்சன் விலகிக்கொண்டார். ஹூஸ்டன் கட்டடக் கலைஞர்கள் ஹோவர்ட் பார்ன்ஸ்டோனும் யூஜின் ஆப்ரியும் வேலையைத் தொடர்ந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலற்ற செங்கல் பெட்டி. உள்ளே சாம்பல் பூச்சுச் சுவர்கள். 1971 பிப்ரவரியில் எல்லா மதத்தாருக்குமான இடமாகத் திறந்துவைத்தார்கள். ரோத்கோ இறந்து ஓராண்டு ஆகியிருந்தது.

ஓவியர் கட்டடக் கலைஞரை வென்ற அரிய வழக்கு என்று இதைக் கொண்டாடுகிறார்கள். நானும் ஒரு பாதி கொண்டாடுகிறேன். அந்தப் பிரமிடு எழுந்திருந்தால் கண் மேலே போயிருக்கும்; கீழே உள்ள படங்கள் கோபுரத்துக்கு முன்வாசல் ஆகியிருக்கும். அதை மறுத்தது சரி. ஆனால் ஜான்சனின் வாதத்தில் வெறும் பகட்டு மட்டும் இருக்கவில்லை. ஹூஸ்டனின் முரட்டு வெயிலை நீண்ட உயரத்தில் இறக்கித் தணித்துக் கொண்டுவர அந்தப் பிரமிடு உதவும் என்றும் அவர் சொன்னார். நியூயார்க் 40 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது; ஹூஸ்டன் 30 பாகைக்குக் கீழே. ஒரே அளவுத் திறப்பில் இரண்டு ஊர் வெயிலும் ஒன்றாக விழாது. ரோத்கோ தம் பணிக்கூடத்தை அளவு மாறாமல் ஹூஸ்டனுக்குக் கொண்டுபோக நினைத்தார். சுவர் வந்தது, எண்கோணம் வந்தது, கூரைத் திறப்பும் வந்தது. பாராசூட்டுக்குக் கீழே வடிகட்டி இறங்கிய நியூயார்க் வெளிச்சம் மட்டும் வரவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டிய சாரம், வண்டிக்கூடத்தில் எழுப்பிய மூன்று சுவர், டேட்டுக்கான அட்டை அறை என்று மூன்று தடவையும் ரோத்கோ அறையின் மாதிரியை வைத்துத்தான் வேலை செய்தார். சுவரையும் உயரத்தையும் தொலைவையும் மாதிரியில் கொண்டுவந்துவிடலாம். வேறோர் ஊரின் பகலை அப்படிக் கொண்டுவர முடியாது. அதை அறிவது கட்டடக் கலைஞரின் தொழில். ரோத்கோ அவரைப் போட்டியாளராகவே பார்த்தார். வெளிச்சத்தைத் தெரிந்தவராகப் பார்த்திருந்தால் ஹார்வர்டும் ஹூஸ்டனும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

சிற்றாலயம் திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தொல்லை வந்துவிட்டது. நேர் வெயில் நடுத்தரையிலும் சுவரிலும் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. கருமை தன் ஆழத்தை இழந்து தட்டையாகத் தெரிந்தது. முதலில் துணித்திரை கட்டினார்கள். பிறகு கூரைத் திறப்புக்குக் கீழே ஒரு பெரிய தடுப்பைத் தொங்கவிட்டார்கள். வெயில் குறைந்தது, ஆனால் அந்தத் தடுப்பே அறையின் நடுவே தலைக்குமேல் கவிந்து, உயரத்தைக் குறைத்தது. 1999-2000இல் ஒரு புதுப்பிப்பு. 2019இல் மறுபடி மூடி, ஆர்க்கிடெக்சர் ரிசர்ச் ஆபீஸ் என்ற நியூயார்க் நிறுவனமும் ஒளியமைப்பாளர் ஜார்ஜ் செக்ஸ்டனும் சேர்ந்து தடுப்பை அகற்றினார்கள். சூரியன் போகும் பாதையைக் கணக்கிட்டு, கூரைத் திறப்பிலேயே மெல்லிய தகடுகள் பொருத்திப் பகலொளியைச் சுவர்களை நோக்கித் திருப்பினார்கள். 2020 செப்டம்பரில் மீண்டும் திறந்தபோது, திறப்பு விழாவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. ஜான்சன் பிரமிடால் செய்ய நினைத்ததை, பிரமிடு இல்லாமல், ரோத்கோ கேட்ட தாழ்ந்த கூரையின்கீழ் செய்து காட்டியது அந்தப் புதுப்பிப்பு. அதைச் செய்தவர்கள் கட்டடக் கலைஞர்கள்.

2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கியபோது கூரை வழியே தண்ணீர் இறங்கி, உள்கூரையையும் சில ஓவியங்களையும் பாதித்தது. சிற்றாலயத்தை மூடிப் பழுதுபார்த்து, டிசம்பரில் திறந்தார்கள். 1967இல் ஜான்சன் விட்டுப்போன அந்தக் கூரை வேலை இன்னும் முடிந்தபாடில்லை.